மனுவின் முதல் வரியில் எதைக் கேட்பது?

மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளைச் சேர்ந்த எங்கள் பெற்றோர் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் கூடும். அன்றைக்குத் தறி ஓடாது, அதனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், இரண்டு மூன்று அப்பாக்கள், அப்புறம் என்னைப் போல அக்கா தங்கைகள். என் தம்பிக்கு 27 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கையும் காலும் அவன் சொன்னபடி கேட்காது, பேச்சு மெதுவாக வரும், புத்தி மட்டும் வீட்டில் எல்லோரையும்விடக் கூர்மை.

போன மூன்று கூட்டமும் ஒரே பேச்சில் போனது. கலெக்டருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுக்க ஒரு மனு எழுத வேண்டும். கோரிக்கை பத்து வைக்கலாம், இருபதும் வைக்கலாம். ஆனால் வாங்கிப் படிக்கிறவர் மனதில் நிற்பது முதல் வரிதான். அந்த முதல் வரி எது என்பதில் எங்களுக்குள் நான்கு கட்சி. உதவித்தொகையை உயர்த்தச் சொல்வோம் என்றார்கள் சிலர். ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோல் ஆளுக்கு ஆள் தனித் திட்டமும் தனி நிதியும் கேட்போம் என்றோம் நாங்கள் சிலர். பக்கத்திலேயே சிகிச்சை மையம் வேண்டும் என்றார்கள் ஏற்காடு மலையிலிருந்து வருகிறவர்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவருக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு அம்மா மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இருந்த கட்சியில் இப்போது இல்லை. ஏன் மாறினேன் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் இதே மாதிரி மனு எழுத உட்காரும் குடும்பங்களுக்கு உதவினால் சந்தோஷம்.

இப்போது கைக்கு என்ன வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மத்திய அரசின் தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் 2009-ல் வந்தது. 80 சதவீத ஊனம் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 2012-லிருந்து மத்திய அரசு அதில் போடும் பங்கு மாதம் 300 ரூபாய். பல ஆண்டுகளாக நாடாளுமன்றக் குழுக்களே இதை உயர்த்தச் சொல்லி வந்திருக்கின்றன. தமிழ்நாடு அதற்கு மேல் தன் கைப்பணத்தைப் போடுகிறது. வருவாய்த் துறை வழியாக வரும் தொகை, நாம் ஓ.ஏ.பி. பணம் என்று சொல்வது, 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவது 2,000. உயர் ஆதரவு தேவை, அதாவது அன்றாட வேலைகளுக்கே இன்னொரு ஆள் நிறைய உதவ வேண்டும், என்று மதிப்பிடப்பட்டவர்களின் உதவியாளருக்கென்று 1,000 ரூபாயும் உண்டு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்வது பலருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மாதிரி உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது. 2023 ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகையை 1,200 ஆக்கினார்கள். அதில் 25 சதவீதம் கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500. ஆக, ஓ.ஏ.பி. வாங்குகிற மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன அடிமட்டத்தில் போய் நிற்கிறார்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. அடிமட்டம் என்று சட்டம் போட்ட கோட்டை உச்சவரம்பாக வைத்துக்கொள்வது நியாயமா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே மனுவில் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்கிறேன். தம்பிக்கு வருவது 2,000. ராத்திரிக்கு மட்டும் டயபர் போட்டாலும் மாதம் மூன்று பாக்கெட், 1,200. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்பவர் ஒரு தடவைக்கு 400 வாங்குகிறார். வாரம் இரண்டு தடவை என்றால் 3,200. வலிப்பு மாத்திரைக்கு 600. இந்த மூன்றுக்கே 5,000 ஆகிவிடுகிறது. அம்மாவின் உழைப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அம்மாவுக்கு 61 வயது. 27 வருஷமாகத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது.

சரி, முதல் வழி: தொகையை உயர்த்துவது. இதற்குக் கண்ணெதிரே உதாரணம் ஆந்திரா. 2024 ஜூலையிலிருந்து அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு 3,000 இருந்த தொகை 6,000 ஆனது. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் முழுக்க முடங்கியவர்களுக்கு 5,000 இருந்தது 15,000 ஆனது. தெலங்கானாவில் 2023-லேயே 4,016. அதைப் பார்த்துவிட்டுத்தான் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் இங்கேயும் அந்த அளவு வேண்டும் என்று போராடி வருகிறது. நியாயமான கோரிக்கை. பணமாகக் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. டயபர் வாங்குவதா, ஆட்டோவுக்குக் கொடுப்பதா, ஒரு நாள் தம்பியை சினிமாவுக்குக் கூட்டிப்போவதா என்று வேறு யாரும் வந்து சொல்ல முடியாது. நடுவில் ஏஜென்சி கிடையாது, பில் கிடையாது. மாதாமாதம் வந்துவிட்டால் வீட்டில் ஒரு நிம்மதி.

ஆனால் ஆந்திராவில் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2025-ல் சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்தார்கள். ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே என்றும் தற்காலிகமானது என்றும் சொல்லி ஏராளமானோருக்கு நோட்டீஸ் போனது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது, மேல்முறையீடு செய்பவர்களுக்குப் பணம் நிற்காது என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. போலிச் சான்றிதழ் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் தொகை ஏற ஏற வாசல் குறுகும் என்பது இதில் தெரிகிறது. தம்பிக்குச் சான்றிதழ் வாங்கிய நாள் எனக்கு மறக்காது. ஒரு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்குத் தூக்கிப் போய், மதியம் வரை பெஞ்சில் படுக்க வைத்து, கடைசியில் அவனைப் பார்த்தது ஐந்து நிமிடம். முழங்காலைத் தட்டினார்கள், கையை நீட்டச் சொன்னார்கள், ஒரு சதவீதம் எழுதினார்கள். அவன் தண்ணீர் குடிக்க ஒரு ஆள் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. தொகை பெரிதானால் அந்த ஐந்து நிமிடம்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

பணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. 300 ரூபாய் என்று 2012-ல் போட்டது விலைவாசிக்குத் தக்கபடி தானாக ஏறாததால்தான் இன்றைக்கு இந்தக் கதி. ஆறாயிரம் வாங்கிவிட்டு அதையும் பத்து வருஷம் அப்படியே விட்டால் மறுபடி பழைய இடம்தான். எவ்வளவு என்று கேட்பதோடு எப்படி ஏறும் என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது வழியைப் பற்றி நான் அதிகம் படித்ததற்குக் காரணம் என் பெரியப்பா மகள். மெல்போர்னில் இருக்கிறார். அக்கா மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். அங்கே என்.டி.ஐ.எஸ். என்று தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. காப்பீடு என்று பேர், ஆனால் யாரும் பிரீமியம் கட்டுவதில்லை, அரசுப் பணம். வருமான வரம்பும் கிடையாது. 2011-ல் அங்கே உற்பத்தித்திறன் ஆணையம் அறிக்கை கொடுத்தது, 2013-ல் சட்டம் வந்தது, அதே வருஷம் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி 2020-க்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளான். குளிக்க, உடுத்த உதவி இத்தனை மணி நேரம், பேச்சுப் பயிற்சி இத்தனை மணி நேரம், சக்கர நாற்காலி, வீட்டுக் கழிப்பறையில் மாற்றம், எல்லாம் அதில் எழுதித் தொகை ஒதுக்குவார்கள். யாரை வைத்துக்கொள்வது என்பது நம் இஷ்டம். நாமே கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது ஒருவரிடம் விடலாம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பியைக் குளிப்பாட்ட யார் வர வேண்டும் என்று தம்பியே முடிவு செய்கிற ஒரு உலகம்! அதனால்தான் அந்தக் கட்சியில் நின்றேன்.

அப்புறம் அங்கே என்ன சண்டை நடக்கிறது என்று அக்கா சொன்னார். 4 லட்சத்துச் சொச்சம் பேர் வருவார்கள் என்று 2011-ல் போட்ட கணக்கு. 2025-ல் 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருஷச் செலவு 4,000 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அரசு பயந்துபோய், செலவு வளரும் வேகத்தை 2026-க்குள் 8 சதவீதமாக இறக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2023 டிசம்பரில் ஒரு பெரிய மதிப்பாய்வு அறிக்கை வந்தது, 26 பரிந்துரைகள். 2024-ல் சட்டத் திருத்தம். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஒரு பட்டியல். 2025 ஆகஸ்டில், எட்டு வயது வரை உள்ள, லேசான அல்லது நடுத்தரத் தேவையுள்ள குழந்தைகளை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கி ‘திரைவிங் கிட்ஸ்’ என்ற தனி ஏற்பாட்டுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அக்கா மகன் சரியாக அந்த வயது. “உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னே தெரியலடி” என்றார் போனில்.

சீர்திருத்தம் என்றதும் அங்கே மாற்றுத்திறனாளி அமைப்புகள் வேண்டவே வேண்டாம் என்று நிற்கவில்லை. இதுதான் நான் கவனித்த முக்கியமான விஷயம். இந்தத் திட்டம் வர வேண்டும் என்று தெருவில் நின்றவர்களே அவர்கள்தான். அதில் ஓட்டை இருக்கிறது என்று முதலில் சொன்னவர்களும் அவர்கள்தான். திட்டத்தின் பேரைச் சொன்னாலே சில சேவை நிறுவனங்கள், மே மாதம் ஏற்காட்டில் ரூம் வாடகை ஏற்றுவதுபோல் விலையை ஏற்றுகின்றன என்பது அவர்கள் புகார். அதைச் சரிசெய்யுங்கள், எங்கள் மணி நேரத்தைக் குறைக்காதீர்கள் என்கிறார்கள்.

அவர்களுடைய கவலைகளில் மூன்று எனக்கு நம் ஊருக்கும் பொருந்தும் என்று பட்டது. முதலாவது, மதிப்பிடுகிறவர் யார் என்பது. தெரியாத ஒருவர் வந்து ஒரு படிவத்தை வைத்து மதிப்பிடும் முறையை 2021-ல் கொண்டுவரப் பார்த்தார்கள். வருஷக்கணக்காகப் பார்க்கும் மருத்துவரின் பேச்சைவிடப் புதியவரின் ஒரு மணி நேரம் பெரிதா என்று கேட்டு எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள், அந்த வருஷம் ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. புதிய சட்டத்தில் ‘தேவை மதிப்பீடு’ என்று வேறு உருவத்தில் அது திரும்புகிறதோ என்ற பயம் இருக்கிறது. என் தம்பியின் ஐந்து நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாவது கவலை இன்னும் ஆழமானது. அங்கே 2022 கணக்கெடுப்பின்படி ஏதோ ஒரு வகை ஊனத்தோடு வாழ்பவர்கள் சுமார் 55 லட்சம். என்.டி.ஐ.எஸ். அதில் ஒரு சிறு பங்குக்குத்தான். மற்றவர்களுக்குப் பள்ளியிலும் ஊராட்சியிலும் மருத்துவமனையிலும் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன உதவிகள், பெரிய திட்டம் வந்ததும் வற்றிப்போயின. பாலைவனத்தில் ஒரே ஒரு சோலை என்று அதைச் சொல்வார்கள். சோலைக்குள் இடம் கிடைக்காவிட்டால் தாகத்தில் சாக வேண்டியதுதான், அதனால் எல்லோரும் உள்ளே வரப் பார்க்கிறார்கள், அதனால் செலவு ஏறுகிறது. வெளியே அடிப்படை ஆதரவுகளைக் கட்டுங்கள் என்று மதிப்பாய்வு சொன்னதை அமைப்புகள் வரவேற்றன. ஆனால் வெளியே கட்டி முடிக்கும் முன்பே உள்ளே இருப்பவர்களை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். புது வீட்டுக்குக் கூரை போடுவதற்குள் பழைய வீட்டை இடித்தால் மழையில் நிற்பது யார்?

மூன்றாவது, அவர்களுக்குள்ளேயே இருக்கும் கருத்து வேறுபாடு. சேவை தருகிற எல்லோரையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு பற்றி நாலரை வருஷம் விசாரித்த ராயல் கமிஷன் 2023 செப்டம்பரில் 222 பரிந்துரைகளோடு முடிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள் கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு சாரார், நானே தேடிப் பிடித்துப் பழக்கிய என் உதவியாளர், பக்கத்து வீட்டுப் பெண், பதிவு என்ற பேரில் அவரை என்னிடமிருந்து பறிக்காதீர்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இதற்கு எளிதான விடை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் கேட்டபிறகுகூட நான் மாறவில்லை. மாற்றியது எங்கள் குழுவில் நாகலூருக்கு மேலே இருந்து வருகிற ஒரு அம்மா. காபி எஸ்டேட்டில் கூலி வேலை. மகளுக்குப் பதினொரு வயது, நடக்க முடியாது. கூட்டத்துக்கு வருவதென்றாலே ஊரிலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம். பிள்ளை ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுக்கும். நான் என்.டி.ஐ.எஸ். பற்றி ரொம்ப உற்சாகமாகப் பேசி முடித்ததும் அவர் கேட்டார், “கண்ணு, பிளான்ல மாசம் பத்தாயிரம் எழுதிக் குடுத்துட்டாங்கன்னே வைங்க. எங்க மேட்டுல நான் அதக் குடுத்து யாரை வாங்கறது?”

எனக்குப் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தால், ஆஸ்திரேலியாவிலேயே வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள தொலைதூர ஊர்களில் இதே நிலை. குறிப்பாகப் பழங்குடி மக்கள் வாழும் இடங்களில் பிளானில் பணம் இருக்கிறது, செலவழிக்க ஆள் இல்லை. வருஷ முடிவில் பணம் அப்படியே கிடக்கிறது, ‘உங்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது’ என்ற பேச்சுக்கும் ஆளாகிறார்கள். சந்தை இருக்கிற இடத்தில்தான் பையில் இருக்கும் காசுக்கு மதிப்பு. ஹஸ்தம்பட்டியில் பத்து பிசியோதெரபி கிளினிக் இருக்கலாம், சேர்வராயன் மலைக் கிராமங்களில் யார் இருக்கிறார்கள்? தனிநபர் நிதி மாதிரி அழகான திட்டம் வேறில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை இன்றைக்கு முதல் வரியில் வைத்தால் நகரத்துக்காரர்களுக்கு மட்டும் கேட்டதாக ஆகிவிடும். ஆகவே அதை இறக்கினேன்.

அந்த அம்மா கேட்பது மூன்றாவது வழி, மையம். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு 1,763 கோடி ரூபாயில் ‘உரிமைகள்’ திட்டம், அதன் கீழ் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு நடமாடும் வண்டியும் உண்டு. மலைக்கு வேண்டியது அந்த வண்டிதான், அதுவும் தேதி தவறாமல். பிசியோதெரபி என்பது மாதம் ஒரு தடவை வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிற விஷயமில்லை. வாரா வாரம் விடாமல் செய்தால்தான் பலன். திட்டக் காலம் முடிந்த பிறகு அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் யார் தருவது என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. என் தம்பிக்கு உதவி தேவைப்படுவது காலை ஆறு மணிக்குக் கழிப்பறையிலும், ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பிப் படுக்கவும்.

அங்கேதான் நான்காவது வழி வந்து நிற்கிறது. தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மாவை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று ஒருவர் கேட்டே விட்டார். அவர் அமைதியாக, “நான் சாயப்பட்டறை வேலைய விட்டு பதினாலு வருஷமாச்சுங்க. அந்தக் கூலிய யாரு குடுத்தா?” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதவியாளருக்கென்று வரும் 1,000 ரூபாய் ஒரு மாதத்துக்கு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் முப்பது நாள் இரவு பகல் பார்த்துக்கொள்வதற்குக் கிடைப்பது மூன்று நாள் கூலி. கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் பராமரிப்பவருக்கு மாதம் 600 என்று வைத்திருக்கிறார்கள், அது இதைவிடக் குறைவு. ஆக, யாரும் இதைக் கூலியாகப் பார்க்கவில்லை, கைச்செலவாகப் பார்க்கிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு பெரிய பலம்: அது வேலை செய்யச் சந்தை தேவையில்லை. நாகலூர் மேட்டிலும் சரி, கொண்டலாம்பட்டியிலும் சரி, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அல்லது பக்கத்து வீட்டிலிருந்து வரக்கூடியவராக இருக்கிறார். எஸ்டேட் கூலிக்குப் போகாமல் மகளோடு இருக்கும் நாளுக்கு அந்த அம்மாவுக்குக் கூலி வரும். சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2016 சட்டத்தின் 38-வது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுகிறவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், அதை மதிப்பிட ஒரு வாரியம் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே முக்கியமான கேள்வி எத்தனை சதவீதம் என்பதல்ல, எந்த அளவு உதவி தேவை என்பது. என் தம்பியைப் பார்த்து யாரும் கேட்காத அந்தத் தண்ணீர் குடிக்கும் கேள்வியைக் கேட்க வைக்கிற ஒரே பிரிவு இதுதான்.

பலவீனமும் உண்டு. என்.டி.ஐ.எஸ்.ஸில் குடும்பத்தாருக்குச் சம்பளம் தருவது வெகு அபூர்வம். அம்மாவோ அண்ணனோ கூலிக்காரரானால், மாற்றுத்திறனாளி அவர்களை வேலையை விட்டு நிறுத்த முடியுமா? வீட்டுக்குள் அடி விழுந்தால் யாரிடம் சொல்வது? இன்னொன்று, கூலி கொடுத்துவிட்டோமே என்று சொல்லி மகளையும் மருமகளையும் வீட்டோடு கட்டிப்போடவும் இது வழிசெய்யலாம். இதையெல்லாம் நினைத்துக் குழம்பிப்போய், ஒரு ராத்திரி மனுவின் வரைவைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். மூன்று கூட்டம் நடத்தி முடித்த பிறகுதான் அவனிடம் கேட்கத் தோன்றியது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

‘மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் தாய்க்கு மாத ஊதியம்’ என்று எழுதியிருந்தேன். அவன் தலையை ஆட்டினான். வார்த்தை வர நேரமானது. “தாய்க்கு இல்ல. நான் சொல்ற ஆளுக்கு.” அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான், “அம்மா குளிப்பாட்டறது… எனக்கு 27 வயசு.”

இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அம்மா அதைக் கேட்டு அழவில்லை, கோபப்படவும் இல்லை. எதிர் வீட்டில் தறி ஓட்டும் பையன் ஒருவன் சாயங்காலம் வந்து தம்பியோடு கிரிக்கெட் பார்ப்பான், அவனைக் கேட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

இந்த ஒரு திருத்தத்தில் எனக்கு எல்லாம் ஓரளவு நேராகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிளானையும் ஏஜென்சியையும் அல்ல, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை. அதைக் கூலி என்ற எளிய வடிவத்தில் இங்கே வைக்கலாம். அம்மாதான் வேண்டும் என்றால் அம்மாவுக்கு, எதிர் வீட்டுப் பையன் என்றால் அவனுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கும் தானாகச் சொல்ல முடியாதவர்களுக்கும் குடும்பம் தேர்ந்தெடுக்கட்டும். வருஷத்தில் சில முறையாவது வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வந்து, மாற்றுத்திறனாளியிடம் தனியாகப் பேசிப் பார்க்கட்டும். அந்த வேலையை மாற்றுத்திறனாளிகளே செய்யலாம். உள்ளாட்சிகளில் அவர்களை நியமன உறுப்பினராக்க 2025-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. ஊருக்கு ஒருவர் என்று வரும்போது, இந்தக் கண்காணிப்பு அவர்கள் பொறுப்பில் இருந்தால் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று நம்பலாம்.

சந்தேகம் சொன்னவர்களும் இருந்தார்கள். இவ்வளவு செலவை அரசு ஒத்துக்கொள்ளுமா என்றார் ஒருவர். எல்லோருக்கும் முழுக் கூலி உடனே கிடைக்காது, எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு தொகையைச் சொல்லாமல், நூறு நாள் வேலைக் கூலியோடு சேர்த்துக் கட்டச் சொல்லி எழுதியிருக்கிறோம். நாளுக்கு நான்கு மணி நேரம் உதவி தேவை என்றால் அரை நாள் கூலி, எட்டு மணி நேரம் என்றால் முழு நாள் கூலி. அந்தக் கூலி ஏறும்போது இதுவும் ஏறும், 300 ரூபாய்க்கு வந்த கதி வராது.

உதவித்தொகை உயர்வை விட்டுவிடவில்லை. அது இரண்டாவது வரி: ஆந்திர அளவுக்கு உயர்த்துங்கள், வருஷா வருஷம் விலைவாசிக்குத் தக்கபடி ஏற்றுங்கள், மறுபரிசோதனை என்றால் மேல்முறையீடு முடியும் வரை பணத்தை நிறுத்தாதீர்கள். மூன்றாவது வரி மலைக்கு, அதை நாகலூர் அம்மாதான் சொல்லச் சொல்ல எழுதினோம்: வாரம் ஒரு நாள் வண்டி, எந்தக் கிழமை என்று ஊரில் எழுதி ஒட்ட வேண்டும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று போன் நம்பர் வேண்டும். தனிநபர் நிதியைப் பற்றி மனுவில் ஒரு வார்த்தையும் இல்லை. ஐந்து வருஷம் கழித்து, மலையில் ஆள் வந்த பிறகு கேட்போம்.

முதல் வரியில் ‘பராமரிப்பாளர்’ என்று இருந்ததையும் தம்பி ‘உதவியாளர்’ என்று மாற்றச் சொன்னான். மாற்றியாயிற்று.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுக்கிறோம். யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். ஆட்டோவிலிருந்து இறக்கவும் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கவும் எதிர் வீட்டுப் பையன் வருகிறான், அன்றைக்கு அவனுக்குத் தறிக்கூலி போகும், அதைக் குழுவிலிருந்து கொடுக்கிறோம். முதல் வரியை வாய்விட்டுப் படிக்கத் தம்பிக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது. நேற்று ராத்திரி மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினான்.